அமெரிக்கக் காமிக்ஸில் வெள்ளையரல்லாத படைப்பாளிகளைத் தேடிக் கண்டடைவது எப்படி?

ஒரு காமிக்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் நம் கண் அட்டையில் நிற்கும் நாயகனிடம்தான் முதலில் செல்கிறது. அந்த நாயகன் கறுப்பினத்தவராக இருந்தால் அவரை எழுதியவரும் வரைந்தவரும் கறுப்பினத்தவராகவே இருப்பார்கள் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். கதையைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தும், முதற்பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களை ஒருமுறைகூட நின்று பார்க்காததால் நேர்ந்த பிழை அது. ஆகவே இந்த வழிகாட்டியை அந்தச் சிறிய எழுத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1972-ஆம் ஆண்டு மார்வெல் நிறுவனம் லூக் கேஜ் என்னும் கறுப்பின நாயகனுக்குத் தனி இதழ் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் இதழை எழுதிய ஆர்ச்சி குட்வின், பென்சிலில் வரைந்த ஜார்ஜ் டஸ்கா ஆகிய இருவரும் வெள்ளையர்கள். அந்தப் பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டியவர் பில்லி கிரகாம் என்னும் கறுப்பின ஓவியர். பின்வந்த இதழ்களில் அவரே முழுமையாக வரையவும் செய்தார். இந்த ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் வேறு எங்கெல்லாம் பணியாற்றினார் என்று தேடிச் சென்றால், 1970-களில் ஜங்கிள் ஆக்‌ஷன் என்ற இதழில் வெளிவந்த, பிளாக் பேந்தர் என்னும் கறுப்பின நாயகனின் கதைகளை வந்தடைவீர்கள். அங்கும் எழுதியவர் வெள்ளையர்தான்; ஆனால் பல பக்கங்களின் உடல்மொழியும் நிழலும் கிரகாமின் கையிலிருந்து வந்தவை. நாயகனின் நிறத்தைப் பின்தொடர்வதைவிட இப்படிக் கலைஞரின் பெயரைப் பின்தொடர்வது எவ்வளவோ பயனுள்ளது என்பதை நான் இந்தத் தேடலில்தான் கற்றுக்கொண்டேன்.

பெயர்ப்பட்டியலை வாசிக்கும்போது ஒவ்வொரு பொறுப்பையும் தனித்தனியே கவனியுங்கள். கதை, பென்சில், மை, வண்ணம், வசன எழுத்து, பதிப்பாசிரியர் என ஒரே இதழில் ஆறேழு பேர் இருப்பது வழக்கம். பிளாக் பேந்தரை 1966-இல் உருவாக்கிய ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் வெள்ளையர்கள். 1998-இல் தொடங்கிய வரிசையைக் கிறிஸ்டோபர் பிரீஸ்ட் எழுதினார். 2016-இல் டா-நஹாசி கோட்ஸ் எழுத, பிரையன் ஸ்டெல்ஃபிரீஸ் வரைந்தார். பிந்தைய மூவரும் கறுப்பினத்தவர்கள். ஒரே பாத்திரமாயினும் மூன்று காலகட்டங்களையும் அடுத்தடுத்து வாசித்தால், அந்த நாயகனின் வகாண்டா என்ற கற்பனை நாடு யாருடைய கண்ணால் பார்க்கப்படுகிறது என்பது மாறிக்கொண்டே வருவதை உணரலாம். பதிப்பாசிரியரின் பெயரையும் தவறவிடாதீர்கள். பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட கமலா கான் என்ற பாத்திரம் உருவானதில் சனா அமானத் என்ற பதிப்பாசிரியரின் பங்கு பெரிது. எழுத்தாளர், ஓவியர் பெயர்களை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவராது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெயரின் ஒலியையோ புகைப்படத்தையோ வைத்து ஒருவருடைய இனத்தை ஊகிக்கக் கூடாது. கிரேஸி கேட் என்ற செய்தித்தாள் சித்திரத்தொடரை வரைந்த ஜார்ஜ் ஹெரிமன் வாழ்நாள் முழுவதும் வெள்ளையராகவே அறியப்பட்டவர். 1880-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அவருடைய பிறப்புப் பதிவு அவரைக் கறுப்பினத்தவராகக் குறித்திருந்தது என்பது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1970-களில்தான் வெளியே தெரிந்தது. 1940-களில் பெரும் புகழுடன் வரைந்த மேட் பேக்கர் கறுப்பினத்தவர் என்பதை அவருடைய வாசகர்களில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இதழ்களில் ஓவியரின் படமோ வாழ்க்கைக் குறிப்போ இடம்பெறாத காலம் அது. ஆகவே படைப்பாளி தம்மைப் பற்றித் தாமே சொல்லியிருப்பவற்றை, அதாவது முன்னுரை, பின்னுரை, நேர்காணல் ஆகியவற்றை நம்புங்கள். இன்று வாழும் கலைஞர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. மரிநயோமி என்ற சித்திரக்கலைஞர் 2014-இல் வெள்ளையரல்லாத கார்ட்டூன் கலைஞர்களுக்கென்று ஒரு இணையத் தரவுத்தளத்தைத் தொடங்கினார். அதில் தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு பெயரைச் சொடுக்கி, அவருடைய பத்துப் பக்கங்களை வாசித்துப் பார்ப்பதே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதுமான பயிற்சி.

பழைய படைப்புகளைத் தேடுவது கடினம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். காமிக்ஸ் கடைகளில் அவை கிடைக்காததற்குக் காரணம், அவற்றில் பலவும் தொடக்கத்திலிருந்தே கடைகளுக்கு வரவில்லை. ஜாக்கி ஓர்ம்ஸ் என்ற கறுப்பினப் பெண் ஓவியரின் டார்ச்சி பிரவுன் தொடர், 1937-இல் கறுப்பின வாசகர்களுக்கான பிட்ஸ்பர்க் கூரியர் செய்தித்தாளில் வெளிவந்தது. 1945 முதல் 1956 வரை அவர் அதே செய்தித்தாளில் வரைந்த ஒற்றைக் கட்டச் சித்திரங்களில், பேட்டி-ஜோ என்னும் குட்டிப் பெண் பேசிக்கொண்டே இருக்க, அவளுடைய அக்கா ஜிஞ்சர் வாய்பேசாமல் நிற்பாள். இனவெறி, வரி, போர் ஆகியவற்றைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லத் தயங்கியதை அந்தக் குழந்தை சொல்லிவிடுகிறாள். இவற்றைத் தேடுபவர் காமிக்ஸ் பட்டியல்களை விட்டுவிட்டு, பல்கலைக்கழக நூலகங்கள் எண்மப்படுத்தி வைத்திருக்கும் பழைய செய்தித்தாள் தொகுப்புகளுக்குச் செல்ல வேண்டும்.

தனிக் காமிக்ஸ் இதழ் வடிவில் வந்த முன்னோடி 1947-இல் பிலடெல்பியாவில் பிறந்தது. ஓரின் இவான்ஸ் என்ற பத்திரிகையாளர், கறுப்பினக் கலைஞர்களே எழுதி வரைந்த ஆல்-நீக்ரோ காமிக்ஸ் என்ற இதழை 15 சென்ட் விலையில் வெளியிட்டார். இரண்டாம் இதழுக்குத் தாள் கிடைக்காததால் முயற்சி அத்துடன் நின்றது. அந்த ஒரே இதழ் இன்று பதிப்புரிமை இல்லாமல் பொதுச்சொத்தாகிவிட்டதால், அதன் ஸ்கேன் செய்த பக்கங்களை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அதன் ஓவியங்கள் சீரற்றவை, கதைகளும் ஏற்றத்தாழ்வு கொண்டவை. ஆயினும் துப்பறிவாளர் ஏஸ் ஹார்லமின் மிடுக்கான நடையைக் காணும்போது, அடுத்த இதழ் வந்திருந்தால் இந்தக் கலை எந்தத் திசையில் சென்றிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

காமிக்ஸ் அலமாரிக்கு வெளியே தேட வேண்டியதன் அவசியத்துக்கு மினே ஓகுபோவின் சிட்டிசன் 13660 நல்ல சான்று. 1942-இல் அமெரிக்க அரசு மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து அகற்றித் தடுப்பு முகாம்களில் அடைத்தது. ஓகுபோவும் அவருடைய சகோதரரும் முதலில் டான்போரன் குதிரைப் பந்தய மைதானத்துக்கும், பின்னர் யூட்டா பாலைவனத்தின் டோபாஸ் முகாமுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுடைய குடும்பத்துக்கு அரசு இட்ட எண்தான் 13660. முகாமுக்குள் புகைப்படக் கருவிக்கு அனுமதியில்லை என்பதால் அவர் வரைந்தார். ஏறத்தாழ 200 சித்திரங்கள் கொண்ட அந்நூல் 1946-இல் வெளிவந்தது. டான்போரனில் அவர்களுக்குத் தரப்பட்ட அறை ஒரு குதிரைக் கொட்டடி. சுவரைத் துடைக்காமலே அவசரமாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததால், சிலந்தி வலையும் குதிரை மயிரும் வைக்கோலும் வெள்ளைப் பூச்சுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் பதிவு செய்கிறார். ஏறத்தாழ ஒவ்வொரு படத்திலும் ஓரத்திலோ கூட்டத்தின் நடுவிலோ ஓகுபோ தம்மையும் வரைந்திருப்பதைக் கவனியுங்கள். சில படங்களில் அவர் வரிசையில் நிற்கிறார், சிலவற்றில் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக்கு ஒரு படம், அதன் கீழே சில வரிகள் என்ற அமைப்பினால் நூலகங்களில் இந்நூல் பெரும்பாலும் வரலாறு அல்லது தன்வரலாறு அடுக்கில்தான் இருக்கும். படக்கதைகளுக்கான 741.5 என்ற டூயி வகைப்பாட்டு எண்ணை மட்டும் தேடுபவருக்கு அது அகப்படாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது உரிமை யாரிடம் உள்ளது என்பது. பதிப்புரிமைப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, கலைஞரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் நகரைச் சேர்ந்த ஹெர்னாண்டஸ் சகோதரர்கள் 1981-இல் லவ் அண்ட் ராக்கெட்ஸ் இதழைத் தாங்களே அச்சிட்டார்கள். மறு ஆண்டு பேன்டகிராபிக்ஸ் நிறுவனம் அதை வெளியிடத் தொடங்கியது. அதன் பாத்திரங்களான, மெக்சிகோ வம்சாவளிப் பெண் மேகியும் அவளுடைய தோழி ஹோப்பியும் நாற்பது ஆண்டுகளாக நம் கண்முன்னே வயதாகி வருகிறார்கள். தங்கள் பாத்திரங்கள் தங்களிடமே இருப்பதனால்தான் அந்தச் சகோதரர்களுக்கு இது இயன்றது என்பது என் எண்ணம். 1993-இல் டுவைன் மெக்டஃபியும் டெனிஸ் கவனும் நண்பர்களும் தொடங்கிய மைல்ஸ்டோன் நிறுவனம் வேறொரு வழியைத் தேர்ந்தது. அச்சும் விநியோகமும் டீசி நிறுவனத்தினுடையவை, பாத்திரங்களின் உரிமை மைல்ஸ்டோனுடையது. அதிநாயக (சூப்பர்ஹீரோ) கதைகளில் பழகியவர்கள் அங்கிருந்து ஸ்டாட்டிக், ஐகான் ஆகிய இரண்டு வரிசைகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

விருதுப் பட்டியல்களும் கைகொடுக்கும். கறுப்பினப் படைப்புகளுக்கான கிளிஃப் விருதுகள் 2006-இலும், மெக்டஃபியின் நினைவாக அமைந்த விருது 2015-இலும் தொடங்கின. இறுதிச்சுற்று வரை வந்தவர்களின் பெயர்களில்தான் சிறிய பதிப்பகங்களின் நூல்கள் மிகுதியாக இருக்கும் என்பதால், வென்றவருடன் நிறுத்திக்கொள்ளாதீர்கள். நியூயார்க்கின் ஹார்லமில் உள்ள ஷோம்பர்க் மையம் 2013 முதல் நடத்திவரும் கறுப்பினக் காமிக்ஸ் திருவிழாவுக்கு நேரில் செல்ல இயலாதவர்களும், அதில் கடை விரிப்போரின் பெயர்களைத் தேடிப் படிக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்குப் பூர்வகுடிப் படைப்புகளை நான் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். லயன் காமிக்ஸின் வழியே டெக்ஸ் வில்லரை ‘இரவுக் கழுகார்’ என்று அழைத்து வளர்ந்த தலைமுறை நாம். நவஜோ என்னும் அமெரிக்கப் பூர்வகுடியினரை நமக்கு அறிமுகம் செய்த அந்தத் தொடர் இத்தாலியில் எழுதி வரையப்பட்டது. அதன்மீது எனக்கிருக்கும் அன்பு இன்றும் குறையவில்லை. ஆனால் அதே மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும்போது கேட்காமல் விடுவது நியாயமாகாது. கிக்கபூ இனத்தைச் சேர்ந்த அரிகான் ஸ்டார் தொகுத்து 2016-இல் வெளிவந்த டேல்ஸ் ஆஃப் தி மைட்டி கோட் டாக்கர்ஸ், பல பூர்வகுடிகளைச் சேர்ந்த படைவீரர்கள் தங்கள் தாய்மொழியைப் போர்க்களச் சங்கேதமாகப் பயன்படுத்திய வரலாற்றைச் சொல்கிறது. கனடாவின் வினிபெக் நகரிலிருந்து 2019-இல் வந்த திஸ் பிளேஸ் தொகுப்பில் பத்துக் கதைகள் உள்ளன. இத்தகைய தொகுப்பு நூல்கள் தேடுபவருக்குக் கிடைக்கும் பெரும் வசதி. ஒரே நூலில் பல எழுத்தாளர்களும் ஓவியர்களும் அறிமுகமாகிவிடுவதால், பிடித்தவரின் தனி நூலை அடுத்துத் தேடலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தை இருப்பவர்களுக்கு ஜெர்ரி கிராஃப்டின் நியூ கிட் நூலைச் சொல்வேன். 2020-இல் அமெரிக்கக் குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற முதல் கிராஃபிக் நாவல் அது. பதின்பருவத்தினருக்கு 2006-இல் வந்த ஜீன் லுவென் யாங்கின் அமெரிக்கன் பார்ன் சைனீஸ் பொருந்தும். அதில் வரும் சின்-கீ என்ற பாத்திரம் சீனர்களைப் பற்றிய எல்லா இழிவுச் சித்திரிப்புகளையும் ஒருங்கே சுமந்து வருவது ஆசிரியர் வேண்டுமென்றே செய்தது. ஆகவே அருவருப்பு தோன்றும்போது நூலை மூடிவிடாமல் முடிவு வரை செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். குடும்ப வரலாறுகளை விரும்புவோர் தி புய்யின் தி பெஸ்ட் வீ குட் டூ நூலை எடுக்கலாம். வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோரின் கதையை ஒரே ஒரு துருச்சிவப்பு நிறத்தின் அடர்த்தியை ஏற்றியும் இறக்கியும் அவர் வரைந்திருக்கிறார். அரசியல் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸும் ஆண்ட்ரூ ஐடினும் எழுதிய மார்ச் என்ற மூன்று பாக நூல் உள்ளது. அதை வரைந்த நேட் பவல் வெள்ளையர். இத்தகைய கூட்டு நூல்களை ஒதுக்க வேண்டியதில்லை, யார் எதைச் செய்தார் என்பது தெரிந்திருந்தால் போதும்.

கடைசியாக, நமக்கு மிக அருகிலேயே ஒரு வழி திறந்திருக்கிறது. சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட ஐ சீ தி பிராமிஸ்டு லேண்ட் நூலில், மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்வை ஆர்தர் ஃபிளவர்ஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர் சொல்ல, வங்காளத்தின் படச்சுருள் ஓவியர் மனு சித்ரகர் வரைந்திருக்கிறார். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் கோண்டு ஓவியர்கள் அம்பேத்கரின் வாழ்வைச் சித்திரமாக்கிய பீமாயணம் தமிழிலும் வந்துள்ளது. அதன் பக்கங்களில் நேர்க்கோட்டுக் கட்டங்களே இல்லை. கோண்டு மரபின் வளைந்த அலங்காரக் கோடுகள்தான் ஒரு காட்சியை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன அமெரிக்க நூல்களை வாசியுங்கள். அடுத்த முறை புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் அரங்கின் முன் நிற்கும்போது, அட்டையைத் திருப்பி முதற்பக்கத்தின் பெயர்களை வாசித்துவிட்டு, அந்த ஓவியரின் வேறு நூல் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.