மூன்று கோட்டு அணில்: மெழுகும் வாட்டர் கலரும்

நம் ஊர் அணிலுக்கு அடையாளமே முதுகில் ஓடும் மூன்று வெள்ளைக் கோடுகள்தான். பழுப்பு வண்ணத்துக்கு நடுவே இடம் விட்டுத் தீட்டினால் சின்னக் கைக்குக் கோடு கோணிவிடும். மெழுகால் முதலிலேயே கோடு போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது, வண்ணம் வழுக்கி விலகிவிடும்.

தேவையானவை: 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) டிராயிங் தாள், ஒரு ஏ4 ஜெராக்ஸ் தாள், பென்சில், வெள்ளைக் கிரேயான் (உடைந்த மெழுகுவர்த்தித் துண்டும் போதும்), பழுப்புக் கிரேயான், வாட்டர் கலர் வில்லைகள், 8ஆம் எண் பிரஷ், பழைய துணி, கறுப்புப் பேனா, கத்தரிக்கோல், பசை. போஸ்டர் கலர் வேண்டாம். அது கெட்டியாக இருப்பதால் மெழுகையும் மூடிவிடும்.

1. உருவம்

மரத்தில் ஏறும் அணிலைப் பின்பக்கமிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். மூன்று கோடும் தெரிவது இந்தக் கோணத்தில்தான். டிராயிங் தாளில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு நீளக் கத்தரிக்காய்: தோள் குறுகல், இடுப்பு 4 செ.மீ. அகலம். மேலே 3 செ.மீ. முட்டை வடிவில் தலை. இரு ஓரத்திலும் புடைத்த கண், அதற்குக் கீழே அரைவட்டக் காது. கார்ட்டூன் அணிலின் கூரான காதை இதற்கு வைக்காதீர்கள். நம் அணிலின் காது சிறியது, உருண்டையானது. நான்கு கால்களும் பக்கவாட்டில் விரிந்து பட்டையைப் பற்றியிருக்கட்டும். வால் உடம்பின் நீளமே இருக்கும்.

2. மெழுகுக் கோடு

கோடு வரும் இடத்தில் பென்சில் தடம் இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். மெழுகுக்கு அடியில் மாட்டிய பென்சில் கோடு பிறகு அழியாது. தோளிலிருந்து வாலின் அடிவரை மூன்று கோடு, ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம். நடுக்கோடு நேராகவும், ஓரக்கோடுகள் உடம்பின் வளைவை ஒட்டியும் போகவேண்டும். மூன்றையும் ஸ்கேல் வைத்து இழுத்தால் அணில் தட்டையாகிவிடும். நன்றாக அழுத்தி, இரண்டு முறை போடுங்கள். வெள்ளைமேல் வெள்ளை தெரியாது. தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் மெழுகு பளபளக்கும். பளபளப்பு அறுந்த இடத்தில் மறுபடி தேய்க்கவேண்டும்.

3. வண்ணம்

வண்ணப் பெட்டியின் மூடியில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, பழுப்பைப் பால் விட்ட தேநீர் நிறத்துக்குக் கரையுங்கள். வால் தவிர உடம்பு முழுக்க ஒரு பூச்சு. கோடுகள் அப்போதே வெள்ளையாக எழுந்து வரும், பிள்ளைகள் துள்ளுவது இந்த இடத்தில்தான்! 20 நிமிடம் காயவிடுங்கள். பிறகு டிக்காஷன் நிறத்துக்குப் பழுப்போடு துளி கறுப்பு கலந்து முதுகின் நடுப்பட்டையில் மட்டும் இரண்டாம் பூச்சு. ஈரம் காயுமுன் இதைப் போட்டால் வண்ணம் விலாவுக்குப் பரவிக் கறையாகும். கோட்டின்மேல் நிற்கும் துளிகளைத் துணி நுனியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக்கூடாது.

வாலுக்குப் பிரஷ்ஷில் சாம்பல் வண்ணம் தொட்டு, துணியில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த நுனியால் நடுவிலிருந்து வெளியே கீறுங்கள். பிரஷ்ஷில் ஈரம் மிஞ்சினால் முடி முடியாக வராது, திட்டாகிவிடும். எல்லாம் காய்ந்தபின் பேனாவால் கண். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி விடுங்கள். அது இல்லாவிட்டால் கண் வெறும் ஓட்டை.

4. மரம்

ஜெராக்ஸ் தாளை வேப்பமரப் பட்டைமேல் அசையாமல் பிடித்து, பழுப்புக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பட்டையின் வெடிப்புகள் அப்படியே பதியும். டிராயிங் தாளில் இது சரியாக விழாது, அது தடிமன். அணிலைக் கத்தரித்து இதன்மேல் ஒட்டுங்கள். பசை வயிற்றுப் பகுதிக்கு மட்டும். விரல்களையும் வால் நுனியையும் ஒட்டாமல் லேசாகத் தூக்கிவிட்டால் நிழல் விழும், அணில் ஏறிக்கொண்டிருக்கும்.