அழுகண்ணி விதை போடுபவர்கள் செய்யும் தவறுகள்

மொட்டை மாடியில் கீரையும் தக்காளியும் போட்டுக் கைதேர்ந்தவர்கள்தான் அழுகண்ணியிடம் முதலில் தோற்பார்கள். நானும் தோற்றேன். இலையில் பசைத்துளி மினுக்கிப் பூச்சியை ஒட்டவைத்துச் செரிக்கிற செடி இது. சத்தில்லாத ஈர மண்ணில் பிழைப்பதால்தான் பூச்சி பிடிக்கிறது. அதற்குப் போய் செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து வைத்தேன். ஒரு மாதமாகியும் ஒன்றும் காணோம். "வெறும் மண்ணுக்கு இன்னாத்துக்குடா டெய்லி தண்ணி ஊத்தினுகீற?" என்று ஆயா கேட்டது நியாயம்தான்.

உரத்தைவிடப் பெரிய எமன் தண்ணீர். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் பிடிக்கிற பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பு போதும் கதையை முடிக்க. தொட்டியைத் தட்டில் நிறுத்தி அடியிலிருந்துதான் இதற்குத் தண்ணீர் காட்டுவோம். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மட்டும் தங்கித் தங்கிச் சேரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையும் தாதுக்களையும் சொல்லும் டிடிஎஸ் அளவு 50-க்குக் கீழே இருந்தால் நல்லது. கேன் தண்ணீரில் சில கம்பெனிகள் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதுண்டு. டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீர் போர் தண்ணீரைவிட மோசம். நான் ஸ்பிளிட் ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர். அதையும் மாடிக் குழாயில் பிடிக்கக் கூடாது, தளத்துச் சுண்ணாம்பும் சிமெண்டும் கரைந்து வரும். திறந்த வெளியில் பக்கெட்டை வைத்துவிட்டால் போயிற்று.

மண்ணுக்குப் பதில் பீட் மாஸும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக் கல்) சரிபாதி. கோகோபீட் என்கிற தேங்காய் நார்த் தூள் மலிவுதான், ஆனால் பலமுறை ஊறவைத்து அலசாவிட்டால் அதிலும் உப்பு. காசிமேட்டுக் கடல் மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். உப்போடு கிளிஞ்சல் தூளும் சேர்ந்தே வரும்.

விதை கறுப்புத் தூள் மாதிரி இருக்கும். பாக்கெட்டில் கடுகு அளவுக்கு உருண்டிருந்தால் ஏமாந்துவிட்டீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே ஒரு சிட்டிகை மண்கூடத் தூவக் கூடாது. மடித்த தாளில் கொட்டி, மெல்லத் தட்டித் தூவுங்கள். பூவாளியால் ஊற்றினால் எல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கும்.

விதையை ஃபிரிட்ஜில் சில வாரம் வைக்கச் சொல்வார்கள். அது குளிர்நாட்டு வகைகளுக்கு. அழுகண்ணிக்கு அறிவியல் பெயர் ட்ரோசெரா. 1875-இல் டார்வின் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அதிகம் ஆராய்ந்த ட்ரோசெரா ரோட்டண்டிஃபோலியா அப்படிப்பட்டது. நம் நாட்டிலேயே விளைகிற ட்ரோசெரா பர்மானிக்கு அது தேவையில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஒரே பருவத்தில் பூத்துக் காய்த்து ஓய்ந்துவிடும். வாடுகிறதே என்று பதறாமல் விதையை எடுத்து வையுங்கள்.

ஈரம் காக்க மேலே பிளாஸ்டிக் கவர் போடலாம். போட்டபின் நேர் வெயிலில் வைத்தால் இட்லி குண்டான்தான். கத்திரி வெயிலில் இந்த வேலையே வேண்டாம்; மழை ஓய்ந்த மார்கழி, தை தோதானது.

தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் இரண்டு முறையாவது கொட்டி மாற்றுங்கள். கொசு தின்னும் செடிக்கு அடியில் கொசுப்புழு நெளிந்தால், டெங்கு சோதனைக்கு வரும் மாநகராட்சிக்காரர் சிரிக்க மாட்டார்.

முளை வர இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். வந்தாலும் குண்டூசித் தலை அளவில் ஒரு பச்சைப் புள்ளிதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளியிலேயே பசைத்துளி தெரியும். இது தெரியாமல், இரண்டாவது முறை முளைத்ததையெல்லாம் பாசி என்று நினைத்து நானே ஸ்பூனால் சுரண்டிப் போட்டேன்.