வெனீருக்கு முன்பே வெளுத்துக்கொள்ளுங்கள்

முன்பற்களுக்குப் போர்சலின் வெனீர், அதாவது பல்லின் முன்புறத்தை மூடும் மெல்லிய பீங்கான் தகடு, ஒட்டிக்கொள்ளப் போகிறீர்களா? முதலில் பற்களை வெளுக்கும் சிகிச்சையை முடித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வெனீரின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகலாம்.

காரணம் எளிது. போர்சலினை எந்த வெளுப்பு மருந்தும் வெளுக்காது. செய்து ஒட்டியபோது இருந்த நிறம்தான் அதற்கு. பிற்பாடு மற்ற பற்களை வெளுத்தால், வெனீர் போட்ட பற்கள் மட்டும் பழைய பீங்கான் கோப்பை போல மங்கித் தெரியும்; நிறம் பொருந்த வெனீரை மறுபடி செய்ய வேண்டிவரும். இரண்டு வாரம் எதற்கு என்றால், வெளுத்த கையோடு பளீரென்று தெரியும் வெண்மை சில நாட்களில் சற்று இறங்கித்தான் நிலைக்கிறது. தவிர, வெளுப்பு மருந்திலுள்ள பெராக்சைடு விட்டுச்செல்லும் ஆக்சிஜன், பல்லின் மேற்பூச்சான எனாமலில் தங்கியிருக்கும்வரை வெனீரை ஒட்டும் பசை சரியாக இறுகாது. நிறம் பார்க்கும்போது உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிட்டு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், விளக்கொளி ஏமாற்றும்.

வெளுத்ததே போதும் என்று சிலருக்குத் தோன்றிவிடும். நல்லதுதான், வெனீருக்காகச் சீவிய எனாமல் திரும்ப வளராது.

பல் உடைந்திருந்தாலோ இடைவெளிதான் குறை என்றாலோ, வெளுப்பது வெனீருக்கு மாற்றாகாது. டெட்ராசைக்ளின் மருந்தால் வந்த சாம்பல் நிறம், தருமபுரிப் பக்கம் ஃப்ளோரைடு நீரால் வரும் அடர் பழுப்புக் கறை ஆகியவை எளிதில் வெளுக்காது. சொத்தை இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். கர்ப்பிணிகள் வெளுப்பைத் தள்ளிப்போடுவது நல்லது.