குவோட்டேஷன் கேட்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர்

மதுரையில் பி.காம். முடித்துவிட்டு, இரண்டு வருடம் ஒரு மொபைல் கடை கவுன்ட்டரில் நின்றேன். அதற்குப் பிறகுதான் கார்ப்பரேட் சேல்ஸ் வேலை தேடி சென்னைக்கு வந்தேன். நான்கு இன்டர்வியூ. மூன்று கைநழுவிப் போயின, நான்காவது கிடைத்தது: கம்பெனிகளுக்கு லீஸ்டு லைன் இன்டர்நெட், அதாவது அந்தக் கம்பெனிக்கென்றே தனியாக ஒதுக்கிய இணைப்பு, விற்கும் வேலை. இப்போது எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது நானும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். நான் சறுக்கிய அதே இடத்தில் நல்ல பிள்ளைகள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை.

கடையில் பொருளைத் தேர்ந்தெடுக்கிறவரும் காசு எடுத்துத் தருகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். கம்பெனியில் அப்படி இல்லை. நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று புலம்புவது ஊழியர்கள். என்ன ஸ்பீடு வேண்டும் என்று சொல்வது ஐ.டி. மேனேஜர். மூன்று குவோட்டேஷன் வாங்கி விலையைக் குறைக்கச் சொல்வது பர்ச்சேஸ். கையெழுத்து முதலாளியுடையது. பில்லைப் பாஸ் செய்து பணம் அனுப்புவது அக்கவுன்ட்ஸ். இதெல்லாம் உங்களுக்குப் புரிந்திருக்கிறதா என்பதைத்தான் இன்டர்வியூவில் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். முதல் இரண்டு இடத்திலும் நான் "நல்லா பேசுவேன் சார், கஸ்டமரை கன்வின்ஸ் பண்ணிடுவேன்" என்றேன். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

முந்தின நாள் வெப்சைட்டைப் படித்துவிட்டு மட்டும் போகாதீர்கள். அவர்களிடம் வாங்குகிற ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் சித்தப்பா மகன் வேலை பார்க்கும் டூல் ரூமில், நான் நான்காவதாகப் போன கம்பெனியின் லைன்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்காவிடம் கால் மணி நேரம் பேசினேன். லைன் நின்றால் யாருக்குப் போன் போடுவார்கள், ஆள் வர எவ்வளவு நேரமாகும், பில்லில் எங்கே குழப்பம் வருகிறது, எல்லாம் கேட்டேன். மறுநாள் "எங்க கம்பெனி பத்தி என்ன தெரியும்?" என்றபோது இதைச் சொன்னேன். மேனேஜர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அடுத்து, நடித்துக் காட்டச் சொல்வார்கள். இதற்குத்தான் அதிகம் தயாராக வேண்டும். மூன்றாவது இன்டர்வியூவில் மேனேஜர், "நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் முதலாளி, 60 பேர் வேலை செய்றாங்க. உங்களுக்கு இரண்டு நிமிஷம்" என்றார். நான் எங்கள் கம்பெனி இத்தனை வருடமாக இருக்கிறது, இத்தனை கஸ்டமர்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் மொபைலை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதே ஆடிட்டர் ஆபீஸ் கேள்வி நான்காவது இடத்திலும் வந்தது. இந்த முறை நான் எதையும் விற்கவில்லை, கேட்டேன். "சார், கடைசியா எப்போ நெட் போச்சு? அன்னைக்கு என்ன நடந்துச்சு?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "20ஆம் தேதி" என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்களுக்கு 3பி ரிட்டர்ன், அதாவது மாத வரிக் கணக்கை ஆன்லைனில் போட, கடைசி நாள் 20. ஒரு நாள் தாண்டினால் வரி உள்ளவர்களுக்கு லேட் ஃபீ 50 ரூபாய், வரி பாக்கிக்கு வருடம் 18% கணக்கில் வட்டி. "அன்னைக்கு எத்தனை கிளையன்ட் ஃபைல் நின்னுச்சு சார்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அவர்தான். பி.காம். படித்தது அன்றைக்குக் கைகொடுத்தது. நீங்கள் எது படித்திருந்தாலும், எந்தத் தொழிலில் எந்த நாள் நெருக்கடியான நாள் என்று நான்கு தொழிலுக்காவது தெரிந்து வைத்திருங்கள்.

டிரஸ், ரெஸ்யூமே பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், விடுங்கள். டூ வீலர், லைசென்ஸ் இரண்டும் கேட்பார்கள், இல்லையென்றால் மறைக்காதீர்கள். பெண்களிடம் "கல்யாணம் எப்போ?" என்றும் சில இடங்களில் கேட்கிறார்கள். கேட்கவே கூடாத கேள்வி அது. எங்கள் மேஜையில் யாரையும் அதைக் கேட்க நான் விடுவதில்லை. உங்களிடம் கேட்டால், "ஃபீல்டு ஒர்க்குக்கு நான் ரெடி சார், கிண்டி, பெருங்குடி ரூட் தெரியும்" என்று வேலைக்குள் பேச்சைத் திருப்புங்கள்.

சம்பளப் பேச்சில் நிதானம் வேண்டும். எனக்கு வந்த முதல் ஆஃபர் வருடம் 4,80,000 சி.டி.சி., அதாவது எனக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. மாசம் 40,000 கைக்கு வரும் என்று அம்மாவிடம் சொல்லியே விட்டேன். பிறகு பேப்பரை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். அதில் 1,20,000 வேரியபிள், டார்கெட் அடித்தால்தான். மீதி 3,60,000க்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800 வீதம் 21,600. வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி என்று சுமார் 8,600. மிச்சத்தில் என் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 பிடித்தால், கையில் மாதம் ஏறக்குறைய 25,700. ஏமாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால் இதையெல்லாம் கேளுங்கள்: டார்கெட்டில் எத்தனை சதவீதம் தொட்டால் இன்சென்டிவ் ஆரம்பிக்கும்? ஆர்டர் வந்ததும் கணக்கா, பணம் வசூலான பிறகா? இப்போது டீமில் எத்தனை பேர் டார்கெட் அடிக்கிறார்கள்? பெட்ரோலுக்கு கிலோமீட்டர் கணக்கா, மொத்தமாகவா? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயப்படாதீர்கள். காசைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவரை நம்பி நாங்கள் எப்படி கலெக்ஷனுக்கு அனுப்புவது?

ஒரு இடத்தில் ஒரிஜினல் மார்க்ஷீட்டைக் கொடுத்தால்தான் ஆஃபர் லெட்டர் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், ஒரிஜினலை விட்டுவிட்டு வராதீர்கள். டிரெயினிங்குக்கு, டெபாசிட்டுக்கு என்று பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பதில் தெரியாத கேள்வி ஒன்றாவது வரும். நான்காவது இடத்தில் என்னிடம், "99.5 சதவீதம் அப்டைம்னு அக்ரிமென்ட்ல போடுறோம். மாசத்துக்கு எவ்வளவு நேரம் லைன் நிக்கலாம்?" என்றார்கள். எனக்கு ஓடவில்லை. "கணக்குப் போட்டு இன்னைக்கே சொல்றேன் சார்" என்றேன். பஸ்ஸில் வரும்போது போட்டேன். 30 நாளுக்கு 720 மணி நேரம், அதில் அரை சதவீதம் 3.6 மணி, அதாவது 3 மணி 36 நிமிடம். 99.9 என்றால் வெறும் 43 நிமிடம். இரவு எட்டு மணிக்கு நான்கே வரியில் மெயில் அனுப்பினேன். நன்றி ஒரு வரி, கணக்கு இரண்டு வரி, கடைசி வரியில், "ஆடிட்டர் ஆபீஸ்ல இந்த 3.6 மணியும் 20ஆம் தேதியில விழுந்தா என்ன செய்யலாம்னு அடுத்த ரவுண்டுல பேசலாமா சார்?" என்று எழுதியிருந்தேன்.