பார்வை தானாகத் திரும்பினாலும் விட்டுவிடாதீர்கள்

பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த என் தங்கச்சி, ஒருநாள் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள். இடது கண்ணுக்கு நல்ல சிவப்பாகத் தெரிந்த பழம், வலது கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறத்தில் தெரிந்தது. கண்ணை உருட்டினால் உள்ளே வலி. சொட்டு மருந்து போட்டோம். மூன்று வாரத்தில் பார்வை திரும்பியது. சரி, தீர்ந்தது என்று மறந்துவிட்டோம். நாங்கள் செய்த முதல் தவறு அதுதான். எட்டு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. பெங்களூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்றார்கள். அப்போது அவளுக்கு வயது 26.

இந்த நோயில், மூளை, தண்டுவடம், கண் நரம்பு இவற்றில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் செய்தி தாமதமாகும், சில சமயம் நின்றே போகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். சுமார் 85 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் வந்து வந்து போகும். வீக்கம் வடிந்ததும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். உள்ளே தழும்பு அப்படியே இருக்கிறது.

‘நரம்பு வீக்’ என்று சொல்லி மாதக்கணக்கில் சத்து ஊசி போட்டுக்கொள்வதும் நம் பக்கத்தில் சகஜம். மரத்துப்போவதற்கு பி12 குறைவோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம்தான். அதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். ஒற்றைக் கண் மங்கல், இரட்டையாகத் தெரிவது, நடை தடுமாற்றம் என நாள்கணக்கில் நீடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அம்மா மந்திரித்த கயிறு கட்டினார். கயிறு இருக்கட்டும், ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் வெயில். சித்திரையில் மதியம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றால் அவளுக்குக் கால் துவளும், கண் மங்கும். நோய் முற்றிவிட்டது என்று முதல் வருடம் அலறிக்கொண்டு ஓடினோம். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே உறை போன நரம்பில் செய்தி ஓட்டம் இன்னும் மந்தமாகும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊதோஃப் 1890-லேயே இதை எழுதியிருக்கிறார். நிழலில் உட்கார்ந்து, கழுத்தில் ஈரத்துண்டு போட்டால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். காய்ச்சலோ கிருமித் தொற்றோ இல்லாமல், புதிய தொந்தரவு 24 மணி நேரத்தைத் தாண்டினால்தான் அது புதிய தாக்குதல். அதற்கு மருத்துவர்கள் மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். அது தேறுவதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். பழைய சீட்டைக் காட்டி நாமே வாங்கிப் போடக் கூடாது.

பெண்கள் வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது. எம்.எஸ். வந்தால் சிறுநீர் அவசரமாக முட்டும். அதற்குப் பயந்து, ஓசூர் தாண்டிப் பெங்களூர் போய்ச் சேரும்வரை என் தங்கச்சி சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். விளைவு, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மறுபடி கால் துவளல். மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

நன்றாக இருக்கிறேன் என்று மருந்தை நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் தவறு. எம்.எஸ். தாக்குதலைக் குறைக்கும் இண்டர்ஃபெரான் ஊசி 1993-ல் வந்தது, அதற்குப் பிறகு மாத்திரைகளும் வந்துவிட்டன. இவை பழைய பாதிப்பைச் சரிசெய்யாது. அடுத்த தாக்குதலைத் தடுக்கும், குறைக்கும். அதனால் சாப்பிடும்போது பலன் கண்ணுக்குத் தெரியாது. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் மருத்துவரிடமே சொல்லி வேறு வழி கேளுங்கள்.

காலையில் எழும்போதே சோர்ந்து கிடப்பவளைச் சோம்பேறி என்று நானே திட்டியிருக்கிறேன். அந்தச் சோர்வும் நோயின் ஒரு பகுதி என்று பிறகுதான் புரிந்தது. இது தொற்றாது. திருமணம், குழந்தை எல்லாம் உண்டு. ஆனால் சில மருந்துகள் கருவுக்கு ஆகாது என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். மறைத்துக் கட்டிவைத்தால் மாத்திரையையும் மறைத்துத்தான் விழுங்க வேண்டிவரும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் எம்.எஸ். பெயர் இருக்கிறது, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். எம்.ஆர்.ஐ. படங்களோடு ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: என்றைக்கு, எந்தப் பக்கம், எத்தனை நாள், காய்ச்சல் இருந்ததா. தங்கச்சியின் நோட்டில் முதல் பக்கம் அந்தத் தக்காளிதான்.