முதன்முறையாக நேர்காணல் நடத்துபவர் அறிய வேண்டியவை: கணக்கு உதவியாளர் தேர்வை முன்வைத்து

பதவி உயர்வு கிடைத்த சில மாதங்களிலேயே, "இந்த இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டும், நீங்களே பார்த்துவிடுங்கள்" என்று நிர்வாகம் சொல்லிவிடும். எப்படி நடத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் கணக்குப் பிரிவில் பணியாற்றுவதால், ஒரு சிறிய தொழிற்சாலைக்குக் கணக்கு உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

பயோடேட்டாக்களைப் பிரிப்பதற்கு முன்பே, வருபவர் செய்யப்போகும் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். "சுறுசுறுப்பானவர், நல்ல அனுபவம் உள்ளவர்" என்று எழுதுவதில் பயனில்லை. கொள்முதல் பில்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிய வேண்டும், வங்கி அறிக்கையைப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்வதற்கான விவரங்களைத் திரட்ட வேண்டும், நிலுவை வைத்திருப்பவர்களிடம் தொலைபேசியில் பக்குவமாகப் பேச வேண்டும் என்று எழுதினால், அந்தத் தாளிலிருந்தே நான்கைந்து கேள்விகள் கிடைத்துவிடும்.

அந்தக் கேள்விகளை எல்லோரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். வாய்க்கு வந்தபடி உரையாடுவதைவிட இவ்வாறு திட்டமிட்டு நடத்தும் நேர்காணலே ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகிறது என்று, 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். ஒருவரிடம் ஊர்க்கதை பேசிவிட்டு இன்னொருவரிடம் வரிச் சட்டம் கேட்டால், இருவரையும் எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி நடந்ததைப் பற்றியதாக இருக்கட்டும். "நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில்தான் வரும். நான் கேட்பது இது: "கொள்முதல் பில் நம் கணக்கில் இருக்கிறது, ஜிஎஸ்டிஆர் 2பியில் வரவில்லை. கடைசியாக உங்களுக்கு இப்படி நேர்ந்தபோது என்ன செய்தீர்கள்?" (விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளமே நமக்குத் தரும் பட்டியல்தான் 2பி.) உண்மையில் அந்த வேலையைச் செய்தவர், பில் எண்ணையும் ஜிஎஸ்டி எண்ணையும் சரிபார்த்ததையும், விற்றவரை அழைத்து அவர் தம் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர் 1இல் காட்டினாரா என்று விசாரித்ததையும், அது வரும்வரை உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) எடுக்காமல் தனியாகக் குறித்து வைத்ததையும் வரிசையாகச் சொல்வார். செய்யாதவர் பொதுவாகப் பேசுவார், அப்போது "அதில் உங்கள் பங்கு என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். இந்த அமைதிதான் கடினம். என் முதல் நேர்காணலில், எதிரில் இருந்தவர் யோசித்த சில நொடிகளைப் பொறுக்க முடியாமல் விடையை நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவருக்கு அது தெரியுமா என்பதை அன்று நான் அறியவே இல்லை.

இருபது நிமிட வேலை ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள். ஒரு பக்க வங்கி அறிக்கையையும் அதற்குரிய பேரேட்டையும் நானே தயாரித்து, அதில் வங்கிக் கட்டணம் ஒன்று, பணமாகாத காசோலை ஒன்று, 5,400 என்பதை 4,500 என்று பதிந்த பிழை ஒன்று என மூன்று வேறுபாடுகளை வைத்திருப்பேன். பயோடேட்டாவில் பெரிதாக எதுவும் இல்லாத ஒரு பெண், முதல் இரண்டையும் கழித்துவிட்டு மீதி 900இல் பென்சிலை நிறுத்தி, "ஒன்பதால் வகுபடுகிறது சார், எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது" என்று சொல்லி அந்த வரியைத் தேடத் தொடங்கினார். இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும். எந்தச் சான்றிதழும் எனக்கு அதைக் காட்டியிருக்காது.

திருமணம், குழந்தை, சாதி, மதம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள், "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்று சுற்றிவளைத்தும் கேட்காதீர்கள். வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976இலேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. மாத இறுதியில் இரவு எட்டு மணிவரை இருக்க வேண்டியிருக்கும் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லி, இயலுமா என்று ஆண்களிடமும் பெண்களிடமும் ஒன்றுபோலக் கேளுங்கள். சம்பள வரம்பையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். வந்திருப்பவர் இருக்கும் வேலையில் அரைநாள் விடுப்பெடுத்து, இரண்டு பேருந்து மாறி வந்திருக்கலாம். தண்ணீர் கொடுங்கள், உங்கள் கைப்பேசியை அணைத்து வையுங்கள், அவரும் உங்களிடம் கேள்வி கேட்பதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

அவர் வெளியே போனதும், அடுத்தவரை அழைப்பதற்கு முன், ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதி மதிப்பெண் இடுங்கள். ஒன்றில் சிறந்து தெரிபவரை எல்லாவற்றிலும் சிறந்தவராக மதிப்பிட்டுவிடும் இயல்பை எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920லேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். சரளமாக ஆங்கிலம் பேசுபவரிடம் நாம் பெரும்பாலும் ஏமாறுவது இப்படித்தான். உடன் இன்னொருவர் இருந்தால், இருவரும் தனித்தனியே எழுதி முடித்த பிறகே பேசுங்கள். இல்லாவிட்டால் மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும்.

தேர்வாகாதவர்களுக்கும் ஒரு வாரத்துக்குள் தகவல் சொல்லுங்கள். இரண்டாம் இடத்தில் வந்தவரை நான் நேரில் அழைத்துப் பேசி, அவருடைய எண்ணைக் குறிப்போடு பத்திரப்படுத்தி வைப்பேன். அடுத்த இடம் காலியாகும்போது முதல் அழைப்பு அவருக்குத்தான் போகும்.