அலுமாரியில் கிடக்கும் கல்வெட்டுகள்: நாலு பேர் சேர்ந்து ஆராய ஒரு வழி

யாழ்ப்பாணத்துச் சொந்தபந்தம் உள்ள கொழும்பு வீடு ஒன்றில் அலுமாரியின் மேல்தட்டைத் துழாவிப் பாருங்கள், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் மெல்லிய புத்தகங்கள் நாலைந்து கிடைக்கும். அட்டையில் மாலை போட்ட படம், உள்ளே தேவாரம், இறந்தவரின் வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், கடைசியில் வம்சாவளி, நன்றி நவிலல். ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது கையில் தருவார்களே, அந்தக் கல்வெட்டுதான். நினைவு மலர் என்றும் சொல்வோம். எந்த ஊரில் பிறந்தார், எங்கே படித்தார், எந்த ஆண்டு கொழும்புக்கு வந்து எந்தக் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்தார், பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று சாதாரண மனிதரைப் பற்றி இவ்வளவு விவரம் ஒரே இடத்தில் அச்சாகிக் கிடப்பது அபூர்வம். அதைப் பழைய பேப்பரோடு போடுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஒரு கல்வெட்டில் ஒரு குடும்பம் தெரியும். இருநூறைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த ஊர்க்காரர் எந்தக் காலத்தில் எந்தத் தொழிலோடு கொழும்புக்கு வந்தார்கள் என்பது தெரியும். ஆனால் இருநூறும் ஒரே வீட்டில் இருக்காது, வெள்ளவத்தையில் பத்து, கொட்டாஞ்சேனையில் ஆறு, தெஹிவளையில் இருபது என்று சிதறித்தான் கிடக்கும். அதனால் தனி ஆளாக இறங்காதீர்கள். நாலு பேர், நாலு போன், எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு கூகிள் ட்ரைவ், அதில் ஒரு அட்டவணை, இவ்வளவு போதும். காசு செலவில்லை. செலவாவது தொடக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற ஒரு மணி நேரம், அந்தப் பேச்சைத் தவிர்த்தால் பிறகு பல மாத உழைப்பு வீணாகும்.

முதலில் பேச வேண்டியது எண். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு எண், ஒவ்வொரு பக்கத்துக்கும் அதோடு ஒட்டிய இன்னொரு எண். 0134-07 என்றால் 134ஆவது கல்வெட்டின் ஏழாவது படம். பைலின் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம், அதை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எழுதுவார்கள். ஒருவருக்கு 1 முதல் 99 வரை, அடுத்தவருக்கு 100 முதல் 199 வரை என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் ஒரே எண்ணை இரண்டு பேர் போடும் சிக்கல் வராது.

படம் எடுப்பதற்குக் காலை வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் ஒரு மேசை போதும். பிளாஷ் போடாதீர்கள், வழுவழுப்பான அட்டையில் வெள்ளைப் பொட்டாக அடிக்கும். துருப்பிடித்த பின்னைக் கழற்றப் போகாதீர்கள், பக்கத்தை அமுக்கி விரிக்கவும் வேண்டாம், பாதி திறந்தபடியே ஒவ்வொரு பக்கமாக எடுக்கலாம். பின் அட்டையை மறக்காதீர்கள், அச்சகத்தின் பெயரும் தெருவும் பெரும்பாலும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். ஸ்கேனர் இருந்தால் எழுத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. எடுத்த படத்தை அப்படியே ஒரு போல்டரில் வைத்துவிட்டு, வெட்டுவது திருத்துவதையெல்லாம் இன்னொரு பிரதியில் செய்யுங்கள்.

அடுத்தது எழுத்தாக்கம். படத்தை ட்ரைவில் ஏற்றி, கூகிள் டாக்ஸில் திற என்று கொடுத்தால் படத்துக்குக் கீழே எழுத்து தானாக வந்துவிடும். பைல் 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. புதிய கல்வெட்டுகளில் அனேகமாகச் சரியாக வரும், பழையதில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் இங்கே சில அச்சகங்கள் பழைய அச்செழுத்தையே வைத்திருந்தன. ணை, லை, ளை, னை நாலும் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் ஒரு சுழியோடு நிற்கும், ணா, றா, னா மூன்றிலும் கால் எழுத்தோடு ஒட்டி வளைந்திருக்கும். இவற்றைக் கணினி அடிக்கடி வேறு எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. பழைய வடிவத்துக்கென்று, கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் தனிக் குறி கிடையாது, ஆகவே இன்றைய எழுத்திலேயே தட்டச்சுங்கள், மூல வடிவத்தைப் படம் காட்டும். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் படத்தோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும், ஏனென்றால் தான் விட்ட பிழை தன் கண்ணில் படாது.

யூனிகோட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரு முழு மாத வேலை இதில்தான் சிக்கியது. பெரியவர் ஒருவர் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிய பைல்கள் மற்றவர்களின் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தன. அவற்றை மாற்றி எடுக்க இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு, அதனால் அது பெரிய பாடில்லை. கண்ணுக்குத் தெரியாத பிழைதான் மோசம். கௌரி என்று தேடினோம், மூன்று பேர் வந்தார்கள். உண்மையில் ஏழு பேர் இருந்தார்கள், மற்ற நாலு பேரையும் யாரோ கெளரி என்று, அதாவது ஒற்றைக் கொம்பும் பின்னால் ளகரமுமாக, அடித்திருந்தார்கள். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் நிற்கும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒளவை, ஔவை இரண்டிலும் இதே கதை. கொ, கோ போன்றவற்றில் வருகிற கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், சில மென்பொருள்கள் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. எல்லோரும் ஒரே தட்டச்சு முறையைப் பயன்படுத்துவது என்று முதல் நாளே முடிவெடுங்கள்.

அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் கல்வெட்டில் உள்ளபடி, மற்றதில் குழு ஒத்துக்கொண்ட ஒரே சீரான எழுத்தில். சுப்பிரமணியம், சுப்ரமணியம், சுப்பிரமணியர் மூன்றும் முதல் பத்தியில் அப்படியே இருக்கட்டும், தேடுவதற்கு இரண்டாவது பத்தி உதவும். ஊர்ப் பெயருக்கும் இதே வழிதான். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், தொழில், அச்சகம், பாட்டு எழுதியவர் என்று மற்றப் பத்திகளும் வேண்டும். பாட்டு எழுதியவரைத் தயவுசெய்து விடாதீர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் வெண்பா எழுதிக் கொடுத்த எத்தனையோ புலவர்களின் பெயர் இந்தப் புத்தகங்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

இறந்த தேதிக்குத் திதி நிர்ணய வெண்பாவை, அதாவது இறந்த வருடம், மாதம், திதியைச் சொல்லும் பாட்டைப் பார்ப்பீர்கள். தமிழ் வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை நினைவில் வையுங்கள். சித்திரபானு என்றால் 1942ஆகவும் இருக்கலாம், 2002ஆகவும் இருக்கலாம், எது என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துப் பிடிக்கலாம். அப்புறம், வருடம் சித்திரையில் பிறக்கிறது, ஆகவே சித்திரபானு தை மாதம் என்று வந்தால் 2003 என்று போட வேண்டும், 2002 என்று போட்டால் பிழை. வாக்கியம், திருக்கணிதம் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் திதி நேரம் வித்தியாசப்படுவதால், அச்சில் ஆங்கிலத் தேதியும் இருந்தால் அதையே முதலில் எடுங்கள்.

இவ்வளவும் ஒழுங்காக இருந்தால் மீதி சுலபம். ஊர்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் புள்ளிகளாகப் போடலாம், வாசித்த கட்டுரைகளை, மேற்கோள்களைத் தொகுத்து வைக்கும் மென்பொருளான ஸோட்டெரோவில் ஒரு குழு நூலகமாகச் சேர்க்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அச்சடிக்க வசதி இருந்த வீடுகள்தான் கல்வெட்டு போட்டன. வசதியில்லாதவரும், இந்த வழக்கமே இல்லாத குடும்பங்களும் உங்கள் அட்டவணையில் வரமாட்டார்கள், ஆகவே கொழும்புத் தமிழர் எல்லோரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

வம்சாவளியில் பேரப்பிள்ளைகளின் பெயர் இருக்கும், அவர்கள் இன்று உயிரோடு இருப்பவர்கள். அந்தப் பக்கத்தைப் பொதுவில் போடுமுன் குடும்பத்திடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் குழுவுக்குள்ளேயே வையுங்கள். பதிப்புரிமையும் உண்டு, இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரைக்கும் அது இருக்கும்.

பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்ததை நாம் மறக்க முடியாது. ட்ரைவில் ஒன்று, ஒருவர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று. குடும்பம் சம்மதித்தால் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய மின்னூலகத்துக்கும் கொடுங்கள், நினைவு மலர்கள் அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன, உலகின் எந்த மூலையில் இருக்கும் பேரனும் திறந்து பார்க்கலாம்.

வாங்கிய கல்வெட்டைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள், பென் டிரைவில் படங்களையும் போட்டுக் கொடுங்கள். சில புத்தகங்களுக்குள் திருநீற்றுப் பொட்டலமோ பேப்பரில் வெட்டிய மரண அறிவித்தலோ செருகியிருக்கும். அதையும் படமெடுத்து, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து, அதே பக்கத்தில் திரும்ப வைத்துவிடுங்கள்.